ஒற்றை அடைப்புக்குறியும் நான்கு கிளாஸ் சுலைமானியும்

மலையைத் தாண்டினால் எனக்கு வெளிநாடுதான். அரிசி பருத்துவிடுகிறது, குடிக்கிற தண்ணீர் இளஞ்சிவப்பாக வருகிறது, எதிரில் வருகிறவர் எல்லாரும் எங்கேயோ படகைப் பிடிக்கப் போகிறவர்போல நடக்கிறார்கள். எழுபத்திரண்டு வயதில் ஐந்து நாள் படிப்புக்காக மட்டாஞ்சேரிக்குப் போனேன் என்றால் ஊரில் சிரிக்கிறார்கள். என்ன படிப்பு என்று சொன்னால் இன்னும் சிரிக்கிறார்கள். நாடுகளுக்கிடையே உறவு எப்படி நடக்கிறது, பேச்சுவார்த்தை எப்படி நடத்துவது என்கிற படிப்பு.

விஷயம் சிரிப்பதற்கில்லை. எங்கள் கரை மீனவர்களும் அக்கரை மீனவர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச ஏற்பாடாகியிருக்கிறது. எங்கள் சங்கத்துக்குக் கிடைத்திருப்பது ஒரே இருக்கை. அதற்குப் போட்டி இரண்டு பேர். ஒருவர் ராயப்பன், இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர். இன்னொருவன் நான். எனக்குப் படகு கிடையாது. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் கப்பலில் ஏறும் மூட்டையையும் இறங்கும் மூட்டையையும் எண்ணி எழுதும் டாலி கிளார்க்காக இருந்தேன். என் தம்பி மகன் அந்தோணி நாட்டுப்படகில் போகிறான். பதினான்கு வலை வைத்திருந்தான். விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலை மேலே ஓடி, போன மாதம் அது ஒன்பதாயிற்று.

அக்கரைக்காரர்களின் வலையும் அப்படித்தான் அறுகிறது என்று கேள்வி. ராயப்பன் போனால் பிடிபட்ட விசைப்படகுகளைப் பற்றி மட்டும் பேசுவார். வலையைப் பற்றிப் பேச ஆள் இருக்காது. சங்கத் தலைவர் முடிவெடுக்கப் பயந்து இருவரையும் படிப்புக்கு அனுப்பினார். "பாடம் எடுக்கிற மேடம் யாருக்கு நல்லபடியா கடிதம் குடுக்கிறாங்களோ, அவங்க போகட்டும்" என்றார்.

முதல் நாளே கோளாறு. எறணாகுளத்தில் படகேறினேன். மட்டாஞ்சேரி என்று நினைத்து இறங்கிய இடம் ஃபோர்ட் கொச்சி. கையில் பை. பையில் நான்கு சட்டை, மூன்று வேட்டி, நாற்பத்தொரு மாத்திரை. ஆட்டோக்காரர் ஒருவர், "நடந்நா பத்து மினிட்டு, அப்பூப்பா" என்று கை காட்டிவிட்டுப் போய்விட்டார். அவருடைய பத்து நிமிடம் எனக்கு முப்பத்தெட்டு ஆயிற்று. வழியெல்லாம் சுக்கு வாசனை. யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் திரும்பினால் பழைய விளக்கும் பழைய பூட்டும் விற்கும் கடைகள். என்னையும் விலை கேட்டுவிடுவார்களோ என்கிற வேகத்தில் அவற்றைத் தாண்டினேன்.

படிப்பு நடந்தது ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடியில். முப்பத்தொரு படி, பாதிப் படிகளுக்குக் கைப்பிடி இல்லை. கழிப்பறை கீழே, முற்றத்துக்கு அந்தப்பக்கம். என் வயதில் ஒரு கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பார்த்த உடனே கவலை பிடித்துக்கொண்டது.

மாணவர்கள் இருபத்துநான்கு பேர். கப்பல் முகவர்கள், பத்திரிகைக்காரர்கள், தொழிற்சங்கத்தார், சுற்றுலா நடத்துகிறவர்கள். ராயப்பன் தன் காரில் எனக்கு முன்பே வந்து ஜன்னலோர நாற்காலியைப் பிடித்திருந்தார்.

"வாங்க சூசை அண்ணே. நீந்தியே வந்துட்டீங்களா?" என்றார் என் சட்டையைப் பார்த்து. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

பாடம் எடுத்தவர் லீலா மேடம். பல நாடுகளில் தூதரகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலையாளி, ஆனால் சென்னையில் வளர்ந்தவர். ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் இருவருக்காகத் தமிழிலும் ஒருமுறை சொல்வார். முதல் நாள் கோட்பாடு. உலகத்துக்கு மேலே ஒரு போலீஸ்காரன் இல்லை, ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தை நம்பித்தான் இருக்கிறது என்று ஒரு கட்சி. வியாபாரமும் பொது விதிகளும் நாடுகளைக் கட்டிவைக்கும் என்று இன்னொரு கட்சி. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் என்பதை நம் பழைய நூல்கள் மச்ச நியாயம் என்றன என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "மேடம், பெரிய மீன் பசிக்கு மட்டும்தான் திங்கும். வயிறு நிறைஞ்சா பக்கத்துல சின்ன மீன் நீந்திப் போகும். மடிதான் குஞ்சு, சினை எதையும் விடாது."

ராயப்பன் பக்கம் திரும்பாமல்தான் சொன்னேன். ஆனாலும் இருபத்திரண்டு தலைகள் அவர் பக்கம் திரும்பின. மேடம் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் எனக்கு முதலில் தோல்வி. எதிராளியின் நிலையை, அவரே "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். இதுதான் பயிற்சி. எனக்கு எதிராளி ராயப்பன்.

"இவருக்கு நிறைய மீன் வேணும்" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். "இவருக்கு எல்லை தாண்டணும்" என்றேன். அதற்கும் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன், முழங்கால் வலி வேறு.

கடைசியில், "படகு ராத்திரி போனா, கரைக்கு வர்ற வரைக்கும் இவரு தூங்குறதில்ல. பிடிபட்டா பதினோரு வீட்டுப் பொம்பளைங்க இவரு வாசல்ல வந்து உக்காருவாங்க. அவங்களுக்குச் சொல்ல இவருகிட்ட பதில் இல்ல" என்றேன்.

ராயப்பன் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ஆமா" என்றார். "ஆனா பதினொண்ணு இல்ல. பன்னெண்டு."

எண்ணிக்கையில் என்னைத் திருத்திய முதல் ஆள்.

அன்று மேடம் ஒரு கதை சொன்னார். எங்கோ ஒரு மாநாட்டில் ஒரு நாட்டுப் பிரதிநிதி கழிப்பறைக்குப் போயிருக்கிறார். திரும்பி வருவதற்குள் தலைவர், "ஆட்சேபம் உண்டா? இல்லை" என்று சுத்தியலைத் தட்டிவிட்டாராம். "பேச்சுவார்த்தையில் காலி நாற்காலிக்குச் சம்மதம் என்று அர்த்தம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முப்பத்தொரு படியும் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் ஒத்திகைப் பேச்சுவார்த்தை. மேசைக்கு ஆறு பேர், இரண்டு கட்சி. எங்கள் மேசைக்கு மீன்பிடிப் பிரச்சினையையே கொடுத்தார்கள். ஒத்திகைதான், ஆனால் இதில் எழுதும் காகிதத்தைத்தான் சங்கம் நிஜப் பேச்சுக்கு எடுத்துப்போகும். ராயப்பன் எங்கள் கரைக்குப் பேச வேண்டும். நான் அக்கரைக்காரனாக இருந்து அக்கரைக்குப் பேச வேண்டும். எங்கள் மேசைக்கு மேடமே தலைவர். ஆறு பேரும் சம்மதிக்கும் ஒரு காகிதம் வராவிட்டால் எங்கள் மேசையில் யாருக்கும் கடிதம் கிடையாது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு கட்சி கேட்டு மறு கட்சி ஒப்பாத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். ஒப்புக்கொண்டால் அடைப்பு போகும், சொல் நிற்கும். கேட்டவரே விட்டுக்கொடுத்தால் சொல்லும் சேர்ந்து போகும். அடைப்பே இல்லாத காகிதம்தான் உடன்பாடு. எனக்கு இது பழக்கமான வேலையாகத் தெரிந்தது. எத்தனை மூட்டை மிச்சம் என்று பார்ப்பதுபோலத்தானே? காலையில் இருபத்தேழு அடைப்பு. மத்தியானத்துக்குள் பதினான்கு. மூச்சு முட்டப் பேசினேன்.

மூன்று மணிக்கு ராயப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். "அண்ணே, இப்படியே போனா விடிஞ்சிரும். உங்களுது ஆறு விடுங்க, என்னுது ஆறு விடுறேன். சரிக்குச் சரி."

ஆறுக்கு ஆறு. இதைவிட நியாயம் எங்கே கிடைக்கும்? கையைக் கொடுத்தேன். மிச்சம் இரண்டு. அதில் ஒன்றை மேடம் தீர்த்துவைத்தார். அடுத்த கூட்டம் [கொச்சியில்] நடக்கும் என்ற ஒரே ஒரு அடைப்பு பாக்கி. இடம் எதுவானால் என்ன, நேரமாகிவிட்டது, காலையில் முடிக்கலாம் என்று எழுந்தோம். மற்ற மேசைகளில் இன்னும் பத்துக்குக் குறையவில்லை. அன்று மாலை எனக்கு நானே ஒரு கரிமீன் பொரியல் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன். முள் அதிகம். ஆனாலும் பரவாயில்லை.

நான்காம் நாள் காலை, பஜார் ரோட்டுக்குப் பின்னால் புஷ்பத்தின் மெஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். புஷ்பம் தென்காசிப் பக்கம், இங்கே வந்து பத்தொன்பது வருடம். அவள் புருஷன் முருகன் கிடங்குகளில் சுமை தூக்குகிறவன். அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பெஞ்சில் சாய்ந்தான்.

"எந்து பற்றி?" என்றாள் புஷ்பம் இட்லித் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "என்ன ஆச்சு உங்களுக்கு?"

"மேஸ்திரி பங்கு வச்சான். அவனுக்கு ஆறு மூட்டை, எனக்கு ஆறு."

"அப்ப சரிதானே?"

"அவனுது மிளகா வத்தல். என்னுது அரிசி."

"நல்லா எண்ணினீங்க போங்க! ஆறுக்கு ஆறுன்னு மண்டையை ஆட்டிட்டு வந்துட்டீரா? எண்ணத் தெரிஞ்சா போதுமா, தூக்கிப் பாக்கண்டாமா?" என்றவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. அண்ணாச்சி... என்ன, இட்லி தொண்டையில சிக்கிருச்சா? கொறச்சு வெள்ளம் எடுக்கட்டா?"

தண்ணீர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டுக் காகிதத்தை எடுத்தேன். முந்தின நாள் ராயப்பன் விட்டுக்கொடுத்த ஆறையும் படித்தேன். [மதிப்பிற்குரிய]. [நட்புறவுடன்]. [பாரம்பரியமிக்க]. இப்படியே ஆறும் அலங்காரம். நான் விட்டதில் ஐந்து அதே போலத்தான். ஆறாவது, [வாரத்தில் நான்கு இரவு].

அது இருந்த வரி இது: விசைப்படகுகள் வாரத்தில் நான்கு இரவு அக்கரை வலைகள் கிடக்கும் இடத்தைத் தவிர்க்க முயலும். இப்போது நான்கு இரவு இல்லை. தவிர்க்க முயலும், அவ்வளவுதான். என்றைக்கு என்று தெரியாமல் எவன் வலையை இறக்குவான்? அந்தோணியிடம் இந்த வரியைக் காட்டினால் என் முகத்தைப் பார்த்தே சிரிப்பான். முப்பத்துநான்கு வருடம் எண்ணியவன், எண்ணியே ஏமாந்தேன்.

போனதை எப்படித் திருப்புவது? மேடம் சொன்ன விதி ஒன்று இருந்தது. எல்லாம் முடியும்வரை எதுவும் முடிந்ததாகாது. எல்லாம் முடியவில்லையே! ஒரு அடைப்பு பாக்கி இருக்கிறதே! நீர் பிரிகிற மாத்திரை ஒன்று காலையில் சாப்பிட வேண்டும். அதை அப்படியே டப்பாவில் போட்டு மூடினேன். புஷ்பம் நீட்டிய சாயாவையும் வேண்டாம் என்றேன். கழிப்பறைக்கு இரண்டு முறை போய்விட்டு, முப்பத்தொரு படி ஏறி, ஒன்பதரைக்கு என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அடுத்த கூட்டம் கொச்சியில். ஆட்சேபம் உண்டா?" என்றார் மேடம்.

"உண்டு" என்றேன். "நான்கு இரவைத் திரும்ப எடுத்துப் பேசினால் ஆட்சேபம் இல்லை."

மேசையே முனகியது. என் பக்கத்தில் இருந்த கப்பல் முகவர் அலுவலகத்துப் பெண்கூட, "சார், ப்ளீஸ்" என்றாள். ராயப்பன் மட்டும் கோபப்படவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வயதும் அவருக்குத் தெரியும், படிக்கட்டும் தெரியும். எழுந்து ஜன்னலருகே போய்க் கீழே சாயாக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சேட்டா, ஒரு சுலைமானி. அண்ணனுக்கு."

பாலில்லாத தேநீர், எலுமிச்சையும் ஏலமும் மணக்கிறது. கடைக்காரர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் தொடவில்லை. பத்தே முக்காலுக்கு இன்னொன்று வந்தது. பன்னிரண்டுக்கு மூன்றாவது.

"குடிங்கண்ணே. சூடு ஆறிரும்."

"ஆறட்டும் தம்பி."

"ஒத்தை அடைப்புக்கு இவ்வளவு அடமா?"

"ஒத்தையா இருந்தாலும் அரிசி மூட்டைய்யா அது" என்றேன். அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்கத் தெம்பும் இல்லை.

மற்ற மேசைகள் முடிந்து கை தட்டுவது கேட்டது. சாப்பாட்டுக்கு மற்றவர்கள் முறைவைத்துப் போய் வந்தார்கள். கீழேயிருந்து கப்பைக்கிழங்கும் மீன்கறியும் மணத்தது. நான் எழுந்திருக்கவில்லை. அடிவயிறு கல்லாக இருந்தது. அசையாமல் உட்கார்ந்து உத்தரத்தின் கட்டைகளை எண்ணினேன். பதினேழு. திருப்பி எண்ணினேன். பதினேழுதான். உடன்பாடு இல்லையென்றால் கடிதம் இல்லை, இருக்கையும் போகும். சரி, போகட்டும். இந்தக் காகிதத்தோடு இருக்கையில் உட்காருவதைவிட உட்காராமல் இருப்பது மேல்.

மூன்றரைக்கு நான்காவது சுலைமானி வந்தது. அதே நேரத்தில் ராயப்பனின் கைப்பேசி அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஸ்ராங்கு கூப்பிடுறான்" என்றார். அவருடைய படகை ஓட்டுகிறவர். கிடங்குச் சுவர் தடிமன், உள்ளே சிக்னல் நிற்காது. அவசரமாகப் படியிறங்கிப் போனார்.

அவர் நாற்காலி காலி.

மேடம் சுத்தியலைக் கையில் எடுத்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சூசை சார், நீங்கள் ஏதாவது திருத்தம் முன்மொழிகிறீர்களா?"

ராயப்பன் பக்கத்து மற்ற இருவரும் களைத்துப்போயிருந்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். எதற்கும் தலையாட்டுவார்கள். நான்கு இரவு என்று நான் சொல்ல வேண்டியதுதான், சுத்தியல் விழும். கடிதம் எனக்கு. நான் கீழே ஓடலாம். உடம்பு முழுக்க அதைத்தான் கெஞ்சியது.

வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் தன் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, தான் இல்லாத நேரத்தில் எழுதிய வரியை இந்த மனிதர் கடலில் மதிப்பாரா? ராத்திரி மடியை இறக்குவதும் இறக்காததும் அவர் ஸ்ராங்கின் கையில். சுத்தியல் அங்கே இருக்காது.

"அவர் வரட்டும், மேடம்."

"எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது."

"வரட்டும்."

பத்தொன்பது நிமிடம். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்தொன்பது நிமிடம் இல்லை. எண்ணியதால் சொல்கிறேன்.

ராயப்பன் திரும்பி வந்தார். எஞ்சின் கோளாறாம், பக்கத்துப் படகு கட்டி இழுத்து வருகிறதாம், ஆட்களுக்கு ஒன்றுமில்லையாம். உட்கார்ந்தவர் முதலில் காகிதத்தைத்தான் பார்த்தார். மாறவில்லை. சுத்தியலைப் பார்த்தார். கப்பல் முகவர் பெண், "சார் உங்களுக்காக வெயிட் பண்ணினார்" என்றாள்.

அவர் என் முன்னால் வரிசையாக நின்ற நான்கு கிளாஸையும் பார்த்தார். ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"நாலும் ஆறிப்போச்சேண்ணே."

"ஆறிப்போச்சு."

"நாலு ராத்திரி என்னால முடியாது. ஊர்ல என்னைக் கொன்னுருவானுங்க." கன்னத்தைச் சொறிந்தார். "மூணு."

"மூணு சரி. ஆனா முயற்சி பண்றேன்னு எழுதக் கூடாது. எந்த மூணு ராத்திரின்னு கிழமை போட்டு எழுதணும். அன்னைக்கு மடி இறங்காது."

"கெழவன் விட மாட்டான் போல" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார். மூன்று கிழமைகளையும் அவர் கையாலேயே எழுதினார்.

"அப்படியானால் அடுத்த கூட்டம் கொச்சியில். ஆட்சேபம் உண்டா?" என்றார் மேடம்.

"இல்லை" என்று நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே சொன்னேன். "ஆனா கீழ்த்தளத்துல வையுங்க." சுத்தியல் விழுந்த சத்தம் எனக்குப் பாதிப் படியில் கேட்டது.

ஐந்தாம் நாள் சான்றிதழ், கைகுலுக்கல், பழம்பொரி. எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சங்கத் தலைவர் பெயருக்கு ஒரே கடிதம். ஒட்டாமல் கொடுத்தார்கள். ராயப்பன்தான் பிரித்துப் படித்தார், எனக்காகத் தமிழில். சூசை நன்றாக எண்ணுவார். எடை போடுவதில் ஒருமுறை தவறினார், மறுநாளே திருத்திக்கொண்டார். எதிராளி வெளியே போனபோது காத்திருந்தார். ஒரே இருக்கை என்றால் காத்திருக்கத் தெரிந்தவரை அனுப்புங்கள்.

"என்னைப் பத்தி ஒண்ணுமே இல்லையா?" என்று காகிதத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு வரி இருந்தது. ராயப்பன் தன் கையால் கிழமையை எழுதினார். அதைக் கரையில் காப்பாற்றக்கூடியவர் அவர்தான்.

இரண்டு முறை படித்தார். கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "போய்ட்டு வாங்கண்ணே. ஆனா மூணுக்கு மேல ஒரு ராத்திரி சேர்த்து ஒத்துக்கிட்டு வந்தீங்க, உங்க வீட்டு வாசல்ல வந்து நாங்க உக்காருவோம்."

புஷ்பத்திடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பொட்டலத்தில் எட்டு இட்லி கட்டிக் கொடுத்தாள். அன்று முருகன் வத்தல் மூட்டை தூக்கியிருந்தான், சிரித்துக்கொண்டிருந்தான். ஊருக்கு ராயப்பனின் காரிலேயே திரும்பினேன். எனக்காக ஏழு இடத்தில் நிறுத்தினார், முகம் சுளிக்காமல். மலை ஏறும்போது, அக்கரையில் முதலில் என்ன கேட்கப் போகிறீர்கள் என்றார்.

யோசித்துவைத்திருந்தேன். உங்களிடம் எத்தனை வலை இருக்கிறது என்பது முதல் கேள்வி. எண்ணாமல் என்னால் ஆரம்பிக்க முடியாது. அதில் ஒன்று அறுந்தால் எத்தனை நாள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது இரண்டாவது. அதற்கு அவர்கள் பதில் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கப் போவதில்லை. மாத்திரையை அன்றைக்கும் டப்பாவிலேயே வைத்துவிடுவேன்.